வேரி மயிர்: ஒரு சொல்லும் அதன் மாற்றுச் சொற்களும்

திருப்பாவையின் 23-ஆம் பாசுரத்தில் மழைக்கால மலைக்குகையில் உறங்கிய சிங்கம் விழித்தெழுகிறது. அவ்விடத்தில் அதன் மயிரைக் குறிக்க ஆண்டாள் இட்ட சொல் ‘மயிர்’ என்பதே. மார்கழி விடியலில் கோஷ்டியில் நிற்கும் முதியவரும் சிறுமியரும் அச்சொல்லை ஒரே குரலில், யாதொரு தயக்கமுமின்றி அநுஸந்திக்கின்றனர். பாசுரம் முடிந்து பொருள் கூறும் வேளையில்தான் தயக்கம் தொடங்குகிறது. அண்மைக்காலத்துப் பொழிப்புரைச் சிற்றேடுகள் சிலவற்றில் அச்சொல் மறைந்து, ‘பிடரி முடி’ என்றும் ‘கேசம்’ என்றும் ‘உரோமம்’ என்றும் வேறு சொற்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மூலத்தில் ஓதத்தக்க சொல் உரையில் சொல்லத்தகாததாகிவிடுவது எங்ஙனம்? மாற்றாக வைக்கும் சொற்கள் மூலத்தின் பொருளைத் தாங்குமா? இவ்விரண்டாவது வினாவே முதன்மையானது. ஒரு சொல்லை நாணி விலக்கும்போது, அதனோடு பாசுரத்தின் கருத்தும் ஓரளவு விலகிவிடுகிறது.

பழந்தமிழில் ‘மயிர்’ என்னும் சொல்லுக்கு இழிவு யாதும் இல்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் அறுவை வீதியைக் கூறுமிடத்தில், பருத்தி நூலாலும் மயிராலும் பட்டு நூலாலும் நெய்த ஆடைகள் அடுக்கிக் கிடப்பதைக் காட்டுகிறது. அங்கே மயிர் பட்டுக்குப் பக்கத்தில் இடம்பெறும் விலையுயர்ந்த சரக்கு. சீவக சிந்தாமணியில் எலிமயிரால் ஆன மெல்லிய போர்வை அரசர்க்குரிய பொருளாகப் பேசப்படுகிறது. நிகண்டுகள் ஆண்மயிரின் பெயர், பெண்மயிரின் பெயர் என்று தனித்தனியே வகுத்து, முன்னதில் குஞ்சி, பங்கி, பித்தை முதலியவற்றையும், பின்னதில் கூந்தல், ஓதி, அளகம், ஐம்பால், கதுப்பு முதலியவற்றையும் அடக்குகின்றன. இவ்வகைப்பாட்டில் இருபாலுக்கும் பொதுவாய்த் தலைப்பில் நிற்கும் சொல் மயிரே. பிற சொற்களின் பொருளைச் சொல்ல உதவும் சொல் எதுவோ, அதுவே மொழியின் இயல்பான சொல் எனலாம்.

சொல்லின் இழிவுக்குத் திருக்குறளைச் சான்று காட்டுவோரும் உளர். மானம் என்னும் அதிகாரத்தின் 964-ஆம் குறள், தம் நிலையினின்று தாழ்ந்த மாந்தரைத் தலையினின்று விழுந்த மயிருக்கு ஒப்பிடுகிறது. ஆயின் அதே அதிகாரத்தின் 969-ஆம் குறளில், மானம் போக்குவதற்கு முன் உயிரைப் போக்குவோர்க்கு உவமையாவது மயிரிழந்து வாழாத கவரிமா. ஒரே அதிகாரத்தில், ஐந்து குறள் இடைவெளியில், ஒரே சொல் இழிவுக்கும் மானத்துக்கும் உவமையாகிறது. முன்னதில் இழிவு மயிரில் இல்லை; இடம் பெயர்ந்ததில் உள்ளது. தலையில் நிற்கும்வரை பேணப்படுவதும் வீழ்ந்தவழி இகழப்படுவதும் உவமையால் பெறப்படும் என்று பரிமேலழகர் நுட்பமாகக் காட்டியதும் இதனையே. அந்தக் கவரிமாவைக் ‘கவரிமான்’ ஆக்கி, மான் இனத்தில் சேர்த்துவிட்ட பிற்கால வழக்கு வேறொரு கதை. கவரிமா இமயப் பகுதியில் வாழும் சடைமிக்க மாட்டினம். எம்பெருமானுக்கு இருபுறமும் வீசும் வெண்சாமரம் அதன் வால்மயிரே. உதிர்ந்த மானிட மயிரைத் தீட்டென விலக்கும் அதே ஆசாரம், ஒரு விலங்கின் மயிரைத் திருமேனிக்கு மிக அணுக்கமான கைங்கரியத்தில் வைத்திருக்கிறது.

இன்று தமிழகத்துப் பேச்சில் ‘மயிர்’ வசைச்சொல்லாகத் தாழ்ந்தது உண்மை. மலையாளத்திலும் அதுவே நிலை. ஈழத்து வழக்கில் ‘தலைமயிர்’ இன்றும் வீட்டுச்சொல்லாகவே உள்ளது. தமிழகத்திலும் கூட்டுச்சொற்களில் அதன் பழைய மதிப்பு அழியவில்லை. மயிரிழை, மயிர்க்கால், மயிர்க்கூச்சு என்பவற்றை எவரும் நாணுவதில்லை. பகவதநுபவத்தில் மெய் புளகித்தலைச் சொல்ல உபந்யாஸகர் ‘மயிர்க்கூச்செறிதல்’ என்றே கூறுவர். கேட்போரும் முகம் சுளிப்பதில்லை. ஆகவே தாழ்ந்தது சொல் முழுவதும் அன்று. தனித்து நிற்கையில், ஒரு நிலத்தில், ஒரு காலத்தில் அதன்மேல் ஏறிய சாயை மட்டுமே.

இனி மாற்றுச் சொற்களைக் காண்போம். அவற்றுள் மிகுதியும் வழங்குவது ‘முடி’. முடிதல் என்னும் வினையிற் பிறந்து, முடிந்த கொண்டையையும், பின் முடிமேல் அணியும் மகுடத்தையும், காலப்போக்கில் மயிரையும் குறித்த சொல் இது. இன்றைய பேச்சில் ‘தலைமுடி’ என்பதில் குற்றமில்லை. ஆயின் ஆழ்வார்களின் மொழிக்கு உரை வரைபவர் ஒன்றை மறத்தலாகாது. திருவாய்மொழியின் ‘ஏழையர் ஆவி’ என்று தொடங்கும் பதிகத்தில் (7-7) எம்பெருமானுடைய திருமுகத்தின் அழகுகள் ஒவ்வொன்றாய் வந்து பராங்குச நாயகியை நலிகின்றன. கண்ணில் தொடங்கி மூக்கு, அதரம், புருவம் என்று செல்லும் அவ்வரிசையில் 9-ஆம் பாசுரம் குழலுக்கும் 10-ஆம் பாசுரம் முடிக்கும் உரியன. குழல் வேறு, முடி வேறு. ஒன்று திருமேனியின் பகுதி, மற்றொன்று ஐசுவரியத்தின் அடையாளம். இப்பதிகத்தைச் சேவித்த ஒருவர் சிங்கத்தின் மயிரை ‘முடி’ என்று எழுதினால், தம்மை அறியாமலே அதற்கு மகுடம் சூட்டிவிடுகிறார். 23-ஆம் பாசுரத்தின் பிற்பகுதியில் சிங்காசனம் வரப்போகிறதென்பது மெய்யே. ஆனால் அது கண்ணனுக்கு. குகையில் கிடக்கும் சிங்கத்துக்கு அன்று.

‘உரோமம்’ என்பதன் குறை வேறு வகையானது. வடமொழியில் தலைமயிர் கேசம், உடல்மயிர் ரோமம் அல்லது லோமம், வால்மயிர் வாலம், சிங்கத்தின் பிடரிமயிர் ஸடா அல்லது கேஸரம். யஜ்ஞவராஹமூர்த்தியின் ரோமங்களை வேள்வித் தருப்பையாகக் கூறும் ஸ்ரீபாகவதம் (3-13), நரசிம்மனை வருணிக்கையில் ஸடா என்னும் சொல்லையே இட்டு, அப்பிடரிமயிர் உதறப்பட்டு மேகங்கள் சிதறியதைச் சொல்கிறது (7-8). பன்றிக்கு ரோமம், சிங்கத்துக்கு ஸடா என்னும் இத்தெளிவு நோக்கத்தக்கது. தமிழில் நாகரிகம் கருதி உரோமத்தைச் சிங்கத்துக்கு இடுவோர், எம்மொழியின் மதிப்பை நாடி அச்சொல்லை எடுத்தார்களோ, அம்மொழியின் நுட்பத்தையே நழுவவிடுகின்றனர். ‘கேசம்’ இதனினும் சற்று மேல். அதற்குரிய நியாயம் பின்னர் வரும்.

‘குழல்’ என்பதை எவரும் இப்பாசுரத்தில் மாற்றாக இடுவதில்லை. எனினும் ஆண்டாள் அதனை ஏன் இடவில்லை என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. அவளுடைய திருத்தமப்பனார்க்குக் கண்ணனின் மயிர் எப்போதும் குழலே. காக்கையை அழைத்து அவன் குழலை வாரச் சொல்லும் பதிகமே பெரியாழ்வார் திருமொழியில் உண்டு (2-5). திருப்பாவையிலும் நப்பின்னைப் பிராட்டி 18-ஆம் பாசுரத்தில் மணங்கமழும் குழலை உடையவளாக விளிக்கப்படுகிறாள். 19-இல் மீண்டும் பூங்குழல் உடையவளாகவே வருகிறாள். நான்கு பாசுரம் கடந்து கண்ணனைச் சிங்கமாகக் காணும் இடத்திலும் மயிரும் மணமும் வருகின்றன; குழல் மட்டும் வரவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சொல் அது. அதனை விடுத்து மயிரை எடுத்ததால் சிங்கம் சிங்கமாகவே நிற்கிறது.

அவ்வாறாயின் விலங்குக்கே உரிய ‘உளை’ என்னும் சொல் ஏன் வரவில்லை? குதிரை, சிங்கம் ஆகியவற்றின் பிடரிமயிருக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான தனிச்சொல் இல்லை. பூர்வாசாரியர்களின் வியாக்கியானங்கள் இவ்விடத்து மயிரை உளைமயிர் என்றே விளக்குகின்றன. யாப்பின் நெருக்கடியால் ஆண்டாள் பொதுச்சொல்லை இட்டாள் என்றும் கூற முடியாது. அடியெதுகையைத் தாங்கும் சொல் ‘வேரி’. அடுத்த சீரின் தொடக்கமான ‘மயிர்’ ஒரு நிரையசை. ‘உளை’ என்பதும் நிரையசையே. அதனை அங்கு வைத்தாலும் தளை சிதையாது, எதுகைக்கும் ஊறில்லை. இரண்டும் பொருந்தும் இடத்தில் ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டது என்றால், அத்தெரிவுக்குக் காரணம் பொருளில்தான் இருத்தல் வேண்டும்.

அக்காரணத்தை அருகிலுள்ள வினைச்சொற்கள் உணர்த்துகின்றன. சிங்கம் அறிவுற்று, விழித்து, பேர்ந்து, உதறி, நிமிர்ந்து, முழங்கிப் புறப்படுகிறது. இவையெல்லாம் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சங்கள். எல்லாவற்றுக்கும் எழுவாய் சிங்கமே. இவ்வரிசையின் நடுவே ‘பொங்க’ மட்டும் ‘செய’ என்னும் வாய்பாட்டில் நிற்கிறது. அதன் எழுவாய் மயிர். சிங்கம் தன் மயிரைப் பொங்கச் செய்தது என்று பாசுரம் கூறவில்லை. சிங்கம் விழித்தது, மயிர் தானே பொங்கியது. உறங்கும் விலங்கின் மயிர் படிந்து கிடக்கும். உணர்வு வந்த மாத்திரத்தில் அதன் முயற்சியின்றியே சிலிர்க்கும். அச்சிலிர்ப்பு பிடரியோடு நிற்பதன்று. உடனே வரும் சொல் நாற்புறமும் பேர்தலையும், அதன்பின் உதறுதலையும் சொல்கிறது. நெடுநேரம் ஒரே கிடையாய்க் கிடந்த உடல் முழுவதும் விழித்துக்கொள்ளும் காட்சி இது. உளை என்றால் கழுத்தோடு முடிந்துவிடும். மயிர் என்றால் வால்நுனி வரையில் செல்லும்.

வியாக்கியானம் ‘உளைமயிர்’ என்றது இதற்கு முரணன்று. கேட்பவனுக்குச் சிங்கத்தின் தனியடையாளத்தை முன்னிறுத்துவது உரையின் கடமை. அவ்வாறு சுட்டியபோதும் உரைகாரர் ‘உளை’ என்று மட்டும் சொல்லி மூலச்சொல்லை ஒதுக்கவில்லை. ‘உளைமயிர்’ என்று இரண்டையும் சேர்த்தே வைத்தனர். மூலச்சொல்லுக்கு அடை கொடுத்து விளக்குவது ஒரு முறை. மூலச்சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது இன்னொரு முறை. முன்னதில் வாசகன் பாசுரத்துக்குத் திரும்பிச் செல்ல வழி உண்டு. பின்னதில் அவ்வழி அடைபட்டுவிடுகிறது. மூவாயிரப்படியையும் ஆறாயிரப்படியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இக்காலப் பொழிப்புரைகளைப் படிப்போர்க்கு இவ்வேறுபாடு ஒவ்வொரு பாசுரத்திலும் தட்டுப்படும். இங்கே அது ஒரே சொல்லில் திரண்டு நிற்கிறது.

‘வேரி’ என்னும் அடைமொழியிலும் இதே ஐயம் வேறு வடிவில் எழுகிறது. வேரி என்பதற்குத் தேன், கள், மணம் என்று பொருள் உண்டு. இங்குக் கொள்வது மணம். ஊன் தின்னும் விலங்கின் மயிர் மணக்குமா என்று கேட்பவர் உண்டு. இக்கேள்விக்கு அஞ்சி, மணம் கண்ணனுக்கே பொருந்தும், சிங்கத்துக்கு உபசாரமாகச் சொன்னது என்று கடந்து செல்வது எளிது. பூர்வாசாரியர்கள் அவ்வாறு கடக்கவில்லை. அதன் ஜாதிக்குத் தக்க பரிமளம் என்று பொருள் கொண்டு, மணத்தை விலங்கினிடமே வைத்தனர். மானிடன் மூக்குக்கு எப்படியாயினும், சிங்கத்தின் மணம் சிங்கத்துக்கு மணமே. தன் குட்டியும் பேடையும் அதனை அறிந்து அணுகும். உவமானத்தை அதன் இயல்பில் முழுதும் நிற்கவிட்ட பின்னரே உவமேயத்துக்குச் செல்வது என்னும் இவ்வொழுங்கு வியாக்கியான மரபின் பெரும் வலிமை. சாந்தோக்கியத்தின் சாண்டில்ய வித்தையில் ‘ஸர்வகந்த:’ என்று ஓதப்படும் பரம்பொருளை இவ்விடத்தில் நினைவூட்டும் விரிவுரைகள், அம்மணத்தைச் சிங்கத்தினிடமிருந்து பறித்து ஈசுவரனுக்குத் தருவதில்லை. சிங்கத்துக்கும் உண்டு, அவனுக்கும் உண்டு, அவ்வவற்றுக்குத் தக்கபடி.

வேரி பெரும்பாலும் பூவோடு பழகிய சொல் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம். பாசுரத்தின் நடுவில் சிங்கம் புறப்பட்டதும் விளி மாறுகிறது. அழைக்கப்படுபவன் பூவைப்பூ வண்ணன் ஆகிறான். தீ உமிழும் விழியும் முழக்கமும் உடைய விலங்கிலிருந்து காயாம்பூவுக்கு ஒரே தாவல். அத்தாவல் திடீரென்று தோன்றாதபடி, மூன்றாம் அடியிலேயே பூவின் சொல் ஒன்று விலங்கின் மயிர்மேல் வந்து அமர்ந்திருக்கிறது. ‘பிடரி முடியைச் சிலிர்த்துக்கொண்டு’ என்று எழுதும் பொழிப்புரை மூன்றை இழக்கிறது: மணம் போயிற்று, மயிர் போயிற்று, தானே பொங்கியது சிங்கத்தின் செயலாக மாறியதால் வினையின் எழுவாயும் போயிற்று.

அவ்வெழுவாயின் அருமை உவமேயத்தில் வந்து தெளிவாகிறது. ஆய்ச்சியர் வாசலில் வந்து நிற்கின்றனர். அவர்களுக்காக அவன் எழுவதும் நடப்பதும் அமர்ந்து ஆராய்வதும் அவன் ஸங்கல்பத்தால் ஆவன. அவற்றை அவர்கள் வேண்டிக் கேட்கவும் செய்கின்றனர். மயிர் பொங்குதல் ஸங்கல்பத்தால் ஆவதன்று. அடியார் குரல் செவியில் பட்டவுடன் அவன் திருமேனியில் தானே எழும் விகாரம் அது. அடியார்க்கு மயிர்க்கூச்செறிவது போல அவனுக்கும் நேர்கிறதென்று கொள்ள இப்பாசுரம் இடம் தருகிறது. முடி, கேசம், உரோமம் என்னும் மூன்றனுள் எதுவும் தமிழில் இவ்வுணர்ச்சிக்கு வழக்கமான சொல் அன்று. கூச்செறிவது மயிர் ஒன்றே.

மேலும், மயிர் மனிதனுக்கும் விலங்குக்கும் பொது. குழலோ கூந்தலோ பெரும்பாலும் விலங்குக்கு வழங்குவதில்லை. உளை பெரும்பாலும் மனிதனுக்கு வழங்குவதில்லை. ஆளும் அரியுமாகிய திருவுருவைச் சொல்லத் தமிழில் இரு புறமும் பொருந்தும் சொல் ஒன்று வேண்டுமானால் அது இதுதான். திருப்பாவையின் முதற்பாசுரத்திலேயே கண்ணன் யசோதையின் இளஞ்சிங்கமாக அறிமுகமாகிறான். அவ்விளஞ்சிங்கம் வளர்ந்து குகையில் உறங்கி எழும் இடம் 23-ஆம் பாசுரம். மலைக்குகை, தீவிழி, முழக்கம் என்பவற்றில் நரசிம்மனின் சாயலைக் காண்பது வியாக்கியான மரபில் பயின்றோர்க்கு இயல்பு.

ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தில் 21-ஆம் திருநாமம் நாரஸிம்ஹவபு:, 22-ஆவது ஸ்ரீமான், 23-ஆவது கேசவ:. பாசுரமும் 23, திருநாமமும் 23 என்பது தற்செயல். அதன்மேல் எதையும் கட்ட வேண்டுவதில்லை. வரிசை மட்டும் நோக்கத்தக்கது. கேசவன் என்பதற்குக் கேசியை வதைத்தவன் என்னும் பொருளை விஷ்ணுபுராணத்தில் நாரதர் கூறுகிறார் (5-16). கேசி குதிரை வடிவில் வந்த அசுரன். அவன் பெயரே பிடரிமயிர் உடையவன் என்பதைக் காட்டும். க, அ, ஈச என்று பிரித்து மும்மூர்த்திகளையும் வசப்படுத்தியவன் என்று பொருள் கொள்வது சங்கரபாஷ்யத்தில் காணும் வழிகளுள் ஒன்று. பராசர பட்டர் பகவத்குணதர்ப்பணத்தில் இவ்விடத்துக் கொண்டது சிறந்த கேசங்களை உடையவன் என்னும் பொருளை. கேசம் என்னும் சொல்லின்மேல் ‘வ’ என்னும் விகுதி வருவதற்குப் பாணினியின் ஸூத்திரமே (5-2-109) உண்டு. மனிதமும் சிங்கமும் கலந்த திருமேனியைச் சொன்ன நாமத்துக்கும், அத்திருமேனியின் அழகைச் சொன்ன நாமத்துக்கும் அடுத்து இது வருகிறது. அவ்விடத்தில் கேசம் மனிதத் தலையின் மயிராக மட்டும் நிற்க இயலுமா? நரசிம்மத் திருமேனியின் பின்னே அச்சொல் பிடரிமயிரையும் தழுவிக்கொள்கிறது. இந்நியாயத்தால்தான் மாற்றுச் சொற்களுள் ‘கேசம்’ ஓரளவு பொறுக்கத்தக்கது. ஆயினும் பொழிப்புரைகளில் அச்சொல்லை இடுவோர் இந்நாமத்தை நினைந்து இட்டதாகத் தெரியவில்லை. பட்டர் காட்டிய வழியில் ஒரு வரி சேர்த்திருந்தால் அது விளக்கமாகியிருக்கும். சேர்க்காதபோது வெறும் மறைப்பாகவே நிற்கிறது.

சிறுவர்க்குப் பாசுரம் கற்பிக்குமிடத்தும் பெருந்திரளுக்கு உபந்யஸிக்குமிடத்தும் கேட்போர் செவியை மதித்தல் தவறன்று. அதற்கு வழக்கிலேயே வழி உண்டு. ‘பிடரிமயிர்’ என்னும் கூட்டுச்சொல்லில் வசையின் சாயை ஒருபோதும் ஏறியதில்லை. குதிரைக்கும் சிங்கத்துக்கும் அதனைப் பள்ளிப் பாடநூலில் எழுதினாலும் எவரும் திருத்துவதில்லை. உரைகாரரின் ‘உளைமயிர்’ என்பதற்கு இன்றைய தமிழில் நேரான சொல்லும் அதுவே. முன்னே ‘மணமுள்ள’ என்று ஓர் அடை, பின்னே ‘சிலிர்க்கும்படியாக’ என்று ஒரு வினை. அவ்வளவு எழுதினால் மணமும் மயிரும் எழுவாயும் இடத்தில் இருக்கும். உடல் முழுதும் பரவும் பொங்குதலை ஒரு வாக்கியத்தில் வாயால் சேர்த்துக்கொள்ளலாம்.